ஆடியில் நாவல், மார்கழியில் இலந்தை: பழைய கணக்கு இன்னும் செல்லுமா?

ஆவடி ரயில் நிலைய வாசலிலும், பூந்தமல்லி பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கூறு கட்டி விற்கும் பழங்களைப் பார்த்தே ஒரு காலத்தில் மாதத்தைச் சொல்லிவிடலாம். கூடையில் கொடுக்காப்புளி இருந்தால் பங்குனி. பச்சைக் களாக்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தந்தால் சித்திரை, வைகாசி. ஈச்சம்பழக் குலை வந்துவிட்டால் கத்திரி வெயில் தணியப் போகிறது என்று பொருள். இந்தப் பக்கத்துப் பேச்சில் நாகப்பழம் எனப்படும் நாவற்பழம் வந்தால் ஆனிக் கடைசி, ஆடி. இலந்தை வந்தால் மார்கழி, தை. இந்தப் பழங்களில் பெரும்பாலானவற்றை யாரும் பயிர் செய்யவில்லை. ஏரிக்கரை, வரப்பு, மேய்க்கால், கோயில் நிலம், வேலியோரம் என்று தானாக முளைத்து, தானாகக் காய்த்து, பறிப்பவர் கைக்கு வந்தவை.

இப்போது அந்த வரிசை முன்னும் பின்னுமாகப் போகிறது என்கிறார்கள் விற்பவர்களும் பறிப்பவர்களும். களா இரண்டு தடவையாகப் பூக்கிறது, நாவல் பழுக்கும் முன்பே கொட்டிவிடுகிறது, இலந்தையில் பாதி புழு என்று புலம்பல்கள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே விடையாக 'காலம் மாறிப்போச்சு' என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம்.

அந்த விடையில் பாதிதான் சரி. பழம் வரும் மாதம் மாறுவது ஒன்று. பழம் தரும் செடியே இல்லாமல் போவது வேறொன்று. முதலாவதை மழையின் கணக்கில் எழுதலாம். இரண்டாவதை எழுத வேண்டியது பொக்லைன் கணக்கில். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், நம்மால் சரிசெய்ய முடிந்ததையும் சேர்த்துக் கைகழுவிவிடுவோம்.

காடாக இருந்த ஊர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்றால் இன்று தொழிற்பேட்டையும் அடுக்குமாடியும்தான் நினைவுக்கு வரும். ஊர்ப் பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. திருவேற்காடு வேல மரக் காடு. திருமுல்லைவாயிலில் தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி பின்னிக்கொண்டதாகத் தலபுராணம். சற்றுத் தள்ளினால் திருவாலங்காடு. நெல்வயலுக்கும் ஏரிக்கும் இடையில் கிடந்த மேட்டு நிலமெல்லாம் முட்புதர்தான்.

கடற்கரையை ஒட்டிய இந்தச் சமவெளிக்கு உரிய இயற்கைக் காட்டை 'வறண்ட பசுமைமாறாக் காடு' என்று தாவரவியலார் வகைப்படுத்துவார்கள். உயரம் அதிகமில்லாத, நெருக்கமான, முள் நிறைந்த காடு அது. களா, காரை, சூரை, ஈச்சம், பாலை, வீரை, நாவல் எல்லாம் அதன் குடிமக்கள். காட்டை வெட்டி வயலாக்கிய பிறகும் இவை முழுவதும் போய்விடவில்லை. வேலியாகவும், ஏரிக்கரைப் புதராகவும், கோயில் காடாகவும் நின்றுகொண்டன.

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதே பத்தாண்டில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடியே மாநகராட்சி ஆனது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை பூந்தமல்லி, பட்டாபிராம் பக்கமாகப் போகிறது. அதன் இருபுறமும் மேய்க்கால் நிலம் மனையாக மாறியதைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் ஐம்பது வயதைத் தாண்டவில்லை. இன்று ஆவடிப் பக்கம் மரமும் புதருமாகப் பசுமை மிஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானவை பாதுகாப்புத் துறையின் மதில் சுவருக்கு உள்ளேதான் இருக்கின்றன. பழம் இருந்தாலும் போய்ப் பறிக்க முடியாது. பறவைகளுக்காவது கிடைக்கட்டும்.

செடிக்குள் இருக்கும் கடிகாரம்

பஞ்சாங்கத்தைப் பார்த்து எந்தச் செடியும் பூப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண்டுதல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இந்த வருடம் ஏன் பிந்தியது, ஏன் முந்தியது என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

களாவை எடுத்துக்கொள்வோம். தைக்குப் பிறகு மழை நின்று, மண் காய்ந்து, செடி தாகத்தில் நிற்க வேண்டும். அந்த வாட்டத்தில்தான் மொட்டு உருவாகிறது. மாசி, பங்குனியில் வெள்ளை வெள்ளையாக, மல்லிகை மாதிரி மணத்தோடு பூக்கும். சித்திரை, வைகாசியில் ஊறுகாய்க் காய். ஆனி, ஆடியில் கறுத்துப் பழுக்கும். நடுவில் மழை பெய்து மறுபடி காய்ச்சல் வந்தால் இன்னொரு சுற்றுப் பூக்கவும் செய்யும். இந்தக் குணம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. ஆகவே ஐப்பசியில் களா பூத்துவிட்டது என்று யாராவது சொன்னால் அதை விபரீதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதம் மழை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். தையில் பெய்யக் கூடாத மழை பெய்தால் வாட்டம் தள்ளிப்போகும், பூவும் தள்ளிப்போகும். 2021 ஜனவரியில் தமிழகம் முழுக்க அப்படித்தான் பருவம் தவறிய கனமழை கொட்டியது. பொங்கலுக்கு அறுக்க நின்ற நெல் சாய்ந்தது நினைவிருக்கலாம்.

நாவலுக்குக் கணக்கு வேறு. பங்குனி, சித்திரையில் பூக்கும். அப்போது வறண்ட வானிலை வேண்டும். பூவில் தேனீ மொய்க்கும் நாட்களில் பெருமழை அடித்தால் மகரந்தம் போகும், பூவும் உதிரும். ஆனால் காய் திரளும் நேரத்தில் இரண்டு நல்ல மழை பெய்தால் பழம் பருத்து, நிறம் ஏறி, துவர்ப்புக் குறையும். 'மழை விழுந்தால்தான் நாகப்பழம் இனிக்கும்' என்று கிராமத்தில் சொல்வது வெறும் பேச்சில்லை. அதே மழை பழுத்த பிறகு ஒரே நாளில் கொட்டினால், தோல் மெல்லிய பழம் வெடித்துத் தரையில் கூழாகிவிடும். 2023 ஜூன் 19-ம் தேதி சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் அளவுக்கு மழை பெய்தது. ஆனி தொடங்கிய நான்காம் நாள் அது. நாவல் பழுக்கத் தொடங்கும் வாரத்தில் அப்படி ஒரு மழை வந்தால் மரத்தடியில் தார்ப்பாய் விரித்தும் பயனிருக்காது.

இலந்தை இந்த இரண்டுக்கும் எதிர்த்திசை. கோடையில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும். ஆனி, ஆடியில் மாலை இடிமழை விழுந்ததும் புதுக் கிளை விடும். அந்தப் புதுக் கிளையின் இலைக் கணுவில்தான் ஆவணி முதல் ஐப்பசி வரை பூக்கும். ஆடி மழை ஏமாற்றினால் கிளை குட்டை. கிளை குட்டையானால் பூக் குறைவு. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் பிஞ்சு பிடித்திருக்கும்போது அடைமழை விடாமல் பெய்தால் பிஞ்சு உதிரும். மழை விட்டு ஈரமும் குளிருமாக நாட்கள் போனால் சாம்பல் நோய் வந்து பிஞ்சின் மேல் மாவு பூசியது போல் படியும். சூரையும் இலந்தையின் சகோதரிதான். மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பழம், புளிப்பு தூக்கல். கொடி போலப் படர்ந்து, பின்னோக்கி வளைந்த முள்ளால் புடவையைப் பிடித்துக்கொள்ளும். கார்த்திகை முதல் தை வரை அதன் காலம்.

காரை, ஈச்சம், கொவ்வை, மணத்தக்காளி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணத்தக்காளி மழை விழுந்து ஈரம் இருக்கும் எந்த மாதத்திலும் வரும். காரைப் பழம் மழைக்குப் பிந்தையது. ஈச்சம்பழம் கோடைக்குக் கட்டுப்பட்டது. மழை தடம் மாறினாலும் ஈச்ச மரம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

மழையின் வரிசை

சென்னைப் பகுதியின் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. சராசரி என்ற சொல்லை நம்பி விவசாயம் செய்ய முடியாது என்பதைக் கடந்த சில ஆண்டுகள் நன்றாகவே காட்டிவிட்டன. 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம். செம்பரம்பாக்கம் திறந்த கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டே, 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவுக்கு நடுவில் டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்து, மழையைவிடக் காற்றால் அதிகச் சேதம் செய்து, பெரிய மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய தரை தட்டின. 2021 நவம்பரில் சென்னையில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,000 மி.மீ.க்கு மேல் மழை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம்.

இதில் இலந்தைக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தாலே போதும். 2015, 2021, 2023 மூன்றிலும் பெருமழை வந்தது அது பிஞ்சும் காயுமாக நிற்கும் காலத்தில். பழங்காலத்தில் இப்படி வெள்ளமும் வறட்சியும் வந்ததில்லையா என்றால், வந்ததுதான். அப்போது ஒரு ஏரிக்கரையில் போனால் அடுத்த ஊர் மேட்டு நிலத்தில் இருந்தது. இன்று அடுத்த ஊரில் செடி இல்லை.

புதர் போன வழி

ஏரி தூர்வாரும்போது கரையில் முதலில் ஏறுவது பொக்லைன். அதன் வாளிக்குச் சீமைக் கருவேலமும் களாவும் ஒன்றுதான், இரண்டும் முள். சீமைக் கருவேலத்தை அகற்ற நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, அரசுக்கு அதற்கென்று கொள்கையும் இருக்கிறது. அகற்றத்தான் வேண்டும். ஆனால் வேலை தொடங்கும் முன் ஊரிலுள்ள பெரியவர் இருவரைக் கூட்டிக்கொண்டு கரையில் நடந்து, எது களா, எது காரை, எது இலந்தை என்று பார்த்து, தண்டில் சுண்ணாம்பு அடித்து வைத்தால் அந்த நாலைந்து புதர் பிழைக்கும். அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் செலவழிக்க ஆளில்லாததால்தான் முப்பது வருடப் புதர் அரை மணியில் போகிறது.

இரண்டாவது வழி, நம் வீட்டு வேலி. முன்பு களா, சூரை, கிளுவை, கள்ளி என்று உயிர்வேலி. பிறகு கல்தூணும் முள்கம்பியும். இப்போது மனைப்பிரிவை ஒட்டிய நிலங்களில் காம்பவுண்டுச் சுவர். அளவைத் தகராறு வராது, ஓர் அடி இடம் மிச்சம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் சுவர் காய்க்காது.

மூன்றாவதாகக் களைக்கொல்லி. வரப்பில் அடித்தால் இரண்டு ஆள் கூலி மிச்சமாகிறது. கூடவே மணத்தக்காளி, கொவ்வை, சூரைக் கன்று எல்லாம் காய்ந்துவிடுகின்றன. பெரிய புதர் சாகாது, ஆனால் அதன் விதையிலிருந்து வரும் கன்று தப்பாது. கிழச் செடி இருக்கிறது, குட்டிச் செடி இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

பருவ மாற்றத்தை ஒரு ஊர் தனியாக நிறுத்த முடியாது. இந்த மூன்று வழியையும் ஓர் ஊர் அடைக்கலாம்.

யாருக்கு நட்டம்?

திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகள் கணிசமாக உண்டு. மத்திய அரசின் பட்டியலில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளில் ஒன்றாக வைக்கப்பட்டுள்ள மக்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை, வயல் கூலி என்று வேலை இருக்கும்போது வேலை; இல்லாதபோது ஏரியில் மீன், வயலில் எலி, புதரில் பழமும் மூலிகையும். பழம் பறிப்பது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். காலையில் பறித்தால் மதியத்துக்குள் காசு, இடையில் தரகர் இல்லை. பெரிய வருமானமில்லைதான். ஆனால் கைமாற்று வாங்காமல் ஒரு வாரத்தை ஓட்டும் வருமானம். அது எந்த மாதம் கிடைக்கும் என்ற நிச்சயம் போய்விட்டால், அந்த வாரத்துக்கு முன்பணம் வாங்க வேண்டிவரும். முன்பணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது சூளைப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செங்கல்பட்டு அருகே தண்டரையில் 1986-ல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகைகளையும் மரக்கன்றுகளையும் தாங்களே வளர்த்து விற்கும் வழியைக் காட்டியிருக்கிறது. எந்தச் செடி எங்கே முளைக்கும் என்ற அவர்களுடைய அறிவு ஒரு நாற்றங்காலாக மாறியது என்று சொல்லலாம். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் மரக்கன்று நடும் பணி வரும்போது, எந்தக் கன்று வேண்டும் என்று இவர்களிடம் கேட்பது யாருக்கும் தோன்றுவதில்லை. புங்கனும் வேம்பும் வந்து இறங்குகின்றன. புங்கனும் வேம்பும் வேண்டாம் என்பதில்லை; பத்தில் இரண்டு நாவலும் இலந்தையுமாக இருக்கலாமே.

மற்றொரு நட்டம் வீட்டுக்குள். இலந்தை வடை தெரியாத பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நன்கு பழுத்த இலந்தையை இரண்டு நாள் வெயிலில் சுண்டவிட்டு, உப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் வெல்லம், பெருங்காயம் சேர்த்து உரலில் கொட்டையோடு இடித்து, சிறு வடையாகத் தட்டி மறுபடி காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. 1968-ல் வந்த 'பணமா பாசமா' படத்தில் இலந்தைப் பழம் விற்கும் பெண்ணின் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது என்றால், அந்தப் பழம் அத்தனை பேருக்கும் தெரிந்ததாக இருந்தது என்பதே காரணம்.

வேலியில் தொடங்கலாம்

கால் ஏக்கர் வைத்திருப்பவரும் செய்யக்கூடியது களா வேலி. ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு சுமார் 254 மீட்டர். மீட்டருக்கு ஒரு கன்று என்றால் 250 கன்று போதும். ஒன்றரை அடிக் குழி, ஒரு சட்டி மக்கிய எரு, புரட்டாசி, ஐப்பசி மழையில் நடவு. முதல் கோடையில் வாரம் ஒரு தண்ணீர் கட்டாயம். அதைத் தாண்டிவிட்டால் பிறகு தண்ணீர் கேட்காது. இளங்கன்றை ஆடு கடிக்கும் என்பதால் வெட்டிய முள்ளை ஓரத்தில் போட்டு வைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு நுனியைக் கிள்ளினால் அடர்ந்து வரும். அடர்ந்த பிறகு ஆடு என்ன, ஆளே நுழைய யோசிப்பார். மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கும். வெட்டாமல் விட்ட நல்ல செடியில் 3 முதல் 5 கிலோ வரை கிடைக்கும். வேலியாக அடிக்கடி கத்தரித்தால் அதைவிடக் குறையும். ஒரு பக்க வேலியைக் கத்தரித்தும் மறு பக்கத்தைக் காய்க்க விட்டும் வைப்பவர்கள் உண்டு.

விற்பனை இருக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பேக்கரியில் கேக்கின் மேலும் பன்னின் உள்ளும் இருக்கும் சிவப்பு 'செர்ரி' பெரும்பாலும் செர்ரியே அல்ல. விதை நீக்கி, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். பெரிய காயும் நல்ல நிறமும் வேண்டும் என்பவர்களுக்காகப் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் நம் மண்ணில், தண்ணீரில்லாமல், பூச்சி மருந்தில்லாமல் வேலியில் நிற்க உள்ளூர்க் களாவே போதும். அதுவும் ஒரே புதரின் விதையாக இல்லாமல் நாலைந்து புதர்களின் விதையைக் கலந்து எடுத்தால், ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் பூக்கும். பருவம் எப்படி வந்தாலும் ஏதாவது ஒரு செடி தப்பும். மாறிவரும் காலத்துக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

நிலத்தில் காட்டு இலந்தை இருந்தால் வெட்டி எறிய வேண்டாம். பங்குனியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, துளிர்க்கும் கிளைகளில் திடமான ஒன்றிரண்டை மட்டும் விட்டு, ஆனி, ஆடியில் நல்ல ரகத்தின் மொட்டைக் கட்டிவிடலாம். பனாரசி, உம்ரான், கோலா ஆகியவை ஒட்டுக்கு ஏற்றவை. வேர் காட்டுச் செடியுடையது என்பதால் வறட்சி தாங்கும். பழம் கடைப் பழமாக வரும். புழுத் தொல்லைக்கு மருந்தைவிட முக்கியமானது, கீழே விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஆழப் புதைப்பதும், கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திவிடுவதும். பழ ஈயின் கூட்டுப்புழு அந்த மண்ணில்தான் இருக்கிறது.

ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கில் உள்ள நாவல், புளி, பனை மரங்களின் பலனை அனுபவிக்க வருவாய்த் துறை வழங்கும் 2சி பட்டா என்ற ஏற்பாடு உண்டு. நிலத்தின் மேல் உரிமை தராது, மரத்தின் பலனுக்கு மட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்து வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். மரத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார் என்றால் இரவோடு இரவாக வெட்டுவதும் குறையும்.

பறிக்கும் முன் ஒரு நிமிடம்

பழம் நல்லதுதான், அது நிற்கும் இடமும் நல்லதாக இருக்க வேண்டும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் பிரச்சினை பசுமைத் தீர்ப்பாயம் வரை போன ஒன்று. அத்தகைய நீர்நிலைகளின் ஓரத்திலும், தொழிற்பேட்டைக் கால்வாய்களின் கரையிலும் முளைத்த மணத்தக்காளியையும் கொவ்வையையும் தொட வேண்டாம். நெடுஞ்சாலைத் தூசி படிந்த புதரையும் விட்டுவிடலாம். வரப்பு திடீரென்று பழுத்துக் காய்ந்திருந்தால் மருந்து அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம். காட்டாமணக்கு விதை நிலக்கடலை போல் ருசிக்கும் என்பதால் பிள்ளைகள் தின்றுவிடுவதுண்டு. கடுமையான வாந்தியும் பேதியும் வரும். குன்றிமணி, மஞ்சள் அரளிக் கொட்டை இரண்டும் உயிருக்கே ஆபத்து. உன்னிச் செடியின் பச்சைக் காயும் கூடாது. தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்து, தின்ற செடியின் ஒரு கிளையையும் உடன் கொண்டுபோக வேண்டும். மருத்துவருக்கு அதுவே பாதி விடை.

நாவல் மரம் ஏறுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: பார்க்கத்தான் பருத்த கிளை, சட்டென்று முறியும். மழை ஈரத்தில் ஏறவே கூடாது. தொரட்டியும், கீழே நான்கு பேர் பிடிக்கும் துணியும் போதும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் எந்த நாளில் பூத்தன என்ற குறிப்புகள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. அதனால்தான் 2021-ல் மார்ச் 26-ம் தேதியே முழுதாகப் பூத்தபோது, இதுவரை இல்லாத முந்தல் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நம்மிடம் அப்படிக் குறிப்பு இல்லை. களா முந்தியதா, பிந்தியதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருவதற்குக் காரணம் அதுதான். நம் நாட்டில் 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில், குறிப்பாகக் கேரளப் பள்ளிகளில், மாணவர்கள் வாரம் ஒருமுறை ஒரு மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் நிலையைக் குறித்து வருகிறார்கள்.

நம் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அந்த வேலையைக் கொடுத்துவிடலாம். வேலியில் ஒரு களா, ஏரிக்கரையில் ஒரு நாவல், களத்து மேட்டில் ஓர் இலந்தை என்று மூன்று செடிகளை முடிவு செய்து, அவற்றையே பார்த்து வர வேண்டும். ஞாயிறுதோறும் தேதி, பூ உண்டா, பிஞ்சா, பழமா, அந்த வாரம் மழை பெய்ததா என்று ஒரு வரி எழுதினால் போதும். பழம் தீர்ந்ததும் நிறுத்திவிடாமல் வருடம் முழுக்க எழுத வேண்டும். பூக்காத வாரமும் குறிப்புதான். மூன்று வருடம் சேர்ந்தால் கன்றை எப்போது நடுவது, ஊறுகாய்க்குக் காய் எப்போது கிடைக்கும் என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

நடவுக்கு விதை வேண்டியவர்கள் ஆனி, ஆடியில் நன்கு கறுத்த களாப் பழத்தை எடுத்து, பிசைந்து கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி உடனே பையில் ஊன்ற வேண்டும். அந்தக் கன்று அடுத்த ஆண்டு மழைக்கு நடத் தயாராகும். நாவல் கொட்டைக்கும் இதே அவசரம் உண்டு. இரண்டும் டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கு வைத்தால் முளைக்காது.